லாப நட்டக் கணக்குக்கு வராத வட்டி

ஆலை கட்டுவதற்குக் கடன் வாங்கியாகிவிட்டது. இயந்திரங்கள் வந்து இறங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு மூட்டைச் சர்க்கரைகூட இன்னும் விற்பனைக்குப் போகவில்லை. வட்டி மட்டும் ஓடத் தொடங்கிவிட்டது. அந்த வட்டி அந்த ஆண்டின் செலவா, ஆலையின் அடக்கவிலையில் ஒரு பகுதியா? சல்லப்பள்ளி சுகர்ஸ் என்ற ஆந்திரச் சர்க்கரை நிறுவனத்தின் வழக்கில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போனது. 1974-இல் தீர்ப்பு வந்தது. ஒரு சொத்தின் உண்மையான அடக்கவிலை எது என்பதை வணிகம் தெரிந்தவர் எப்படிப் புரிந்துகொள்வாரோ அப்படித்தான் கொள்ள வேண்டும். சொத்தை உருவாக்கி இயங்கும் நிலைக்குக் கொண்டுவரத் தேவைப்பட்ட செலவெல்லாம் அதன் விலையைச் சேர்ந்தது. உற்பத்தி தொடங்கும்வரை ஓடிய வட்டியும் அப்படிப்பட்ட செலவே என்றது நீதிமன்றம். வட்டியையும் சேர்த்த விலைமீது நிறுவனம் தேய்மானம் கோர முடிந்தது.

அது வரி வழக்கு. ஆனால் அதன் அடியில் கிடப்பது கணக்கியலின் பழைய தகராறு. கடன் ஒப்பந்தத்தில் வட்டியைப் போல ஐயத்துக்கு இடமில்லாத எண் வேறு இல்லை. விகிதம், தவணைத் தேதி, தவறினால் என்ன என்பதெல்லாம் முத்திரைத்தாளில் இருக்கும். அதே வட்டி கணக்கேட்டுக்குள் வந்ததும் நிர்வாகத்தின் தீர்மானத்துக்கு உட்பட்ட பொருளாகிவிடுகிறது. இன்றைய இந்தியக் கம்பெனிகளின் லாப நட்டக் கணக்கில் 'நிதிச் செலவு' என்று ஒற்றை வரி அச்சாகிறது. அந்த எண்ணை, நிறுவனம் அந்த ஆண்டு சுமந்த வட்டி என்று எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். சுமந்த வட்டியில் கணிசமான பங்கு அந்த வரிக்கு வராமலே போயிருக்கலாம். யாருக்கும் கொடுக்காத தொகை அங்கே வட்டியாக நின்றுகொண்டிருக்கவும் கூடும். இரண்டில் முதலாவதே வாசகரை அதிகம் ஏமாற்றுகிறது என்பது என் எண்ணம். அதனால் இந்தக் கட்டுரையில் அதற்குத்தான் கூடுதல் இடம்.

வட்டியைச் சொத்தின் விலையோடு சேர்ப்பதைக் கணக்காளர்கள் மூலதனமாக்கல் என்கிறார்கள். அமெரிக்காவில் மின்சாரம் போன்ற பொதுச்சேவை நிறுவனங்கள் இதை நெடுங்காலமாகச் செய்துவந்தன. அவற்றின் கட்டணத்தை அரசின் ஒழுங்குமுறை ஆணையங்கள் சொத்தின் மதிப்பை வைத்து நிர்ணயித்ததால் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. வட்டி விகிதங்கள் ஏறிய 1970-களில் மற்ற நிறுவனங்களும் இந்த வழியைப் பிடிக்கத் தொடங்கின. 1974-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் குறுக்கிட்டு, இதுவரை செய்யாதவர்கள் புதிதாகத் தொடங்கக் கூடாது என்று நிறுத்திவைத்தது. சல்லப்பள்ளி தீர்ப்பு வந்த அதே ஆண்டில், இங்கே கதவு திறந்தது, அங்கே சாத்தப்பட்டது. பிறகு 1979-இல் அமெரிக்கத் தரநிலை வாரியம் தன் 34-ஆவது தரநிலையால் மூலதனமாக்கலைக் கட்டாயமாக்கியது. பன்னாட்டுத் தரநிலையான ஐ.ஏ.எஸ். 23 முதலில் 1984-இல் வந்தது. இருவழியில் எதையும் தேர்ந்துகொள்ளலாம் என்ற சலுகையை 2007-இல் செய்த திருத்தம் எடுத்துவிட்டது. 2009 முதல் கட்டாயம். இந்தியாவில் ஏ.எஸ். 16 என்ற தரநிலை 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2016 முதல் பெரிய நிறுவனங்கள் இண்ட் ஏ.எஸ். 23-க்கு மாறின.

விதி சுருக்கமானது. பயன்பாட்டுக்கோ விற்பனைக்கோ தயாராகக் கணிசமான காலம் பிடிக்கும் சொத்துக்காகவே வாங்கிய கடனின் வட்டியை அந்தச் சொத்தின் விலையில் சேர்க்க வேண்டும். கணிசமான காலம் என்றால் எவ்வளவு? ஏ.எஸ். 16 பொதுவாகப் பன்னிரண்டு மாதம் என்று கைகாட்டியது. இண்ட் ஏ.எஸ். 23 எண் எதையும் சொல்லாமல் நிறுவனத்தின் தீர்மானத்துக்கு விட்டுவிட்டது.

எண்களை வைத்துப் பார்த்தால்தான் இதன் வீச்சு புரியும். 200 கோடி ரூபாயில் ஒரு தொழிற்சாலை. அதில் 120 கோடி கடன், வட்டி 10 விழுக்காடு. எளிமைக்காகக் கடன் முழுவதும் முதல் நாளே வாங்கப்பட்டது என்றும் கட்டி முடிக்க இரண்டு ஆண்டு ஆனது என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12 கோடி வீதம் 24 கோடி வட்டி வங்கிக்குப் போயிருக்கிறது. லாப நட்டக் கணக்கில் இதில் ஒரு ரூபாய்கூட இல்லை. தொழிற்சாலை ஏட்டில் 224 கோடியாக நிற்கிறது. இருபது ஆண்டுகளுக்குச் சமமாகத் தேய்மானம் எழுதினால் ஆண்டுக்கு 10 கோடிக்குப் பதில் 11.20 கோடி. ஆக, அந்த 24 கோடியும் காணாமல் போகவில்லை, ஆண்டுக்கு 1.20 கோடி என்ற சிறு கவளங்களாக இருபது ஆண்டுகள் செலவாகும். ஆனால் திரும்பி வரும்போது அதன் பெயர் வட்டி அல்ல, தேய்மானம். வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முந்தைய லாபத்தைப் பார்த்து நிறுவனங்களை மதிப்பிடுபவர்களின் கண்ணில் இந்த 24 கோடி எந்த ஆண்டிலும் படாது. வட்டியைப் போல் எத்தனை மடங்கு லாபம் இருக்கிறது என்று பார்க்கும் விகிதமும், கட்டுமான ஆண்டுகளில் நிறுவனத்தை இருப்பதைவிடத் தெம்பாகக் காட்டும்.

தொழிற்சாலைக்கென்றே தனிக்கடன் இல்லாமல் பொதுக் கடனிலிருந்து செலவு செய்தாலும் வட்டி தப்பிவிடுவதில்லை. நிறுவனத்தின் கடன்களுக்கான சராசரி விகிதத்தைக் கண்டுபிடித்து, திட்டத்தில் முடங்கிய சராசரித் தொகைமீது போட வேண்டும். 9 விழுக்காட்டில் 60 கோடியும் 11.5 விழுக்காட்டில் 40 கோடியும் கடன் இருந்தால் மொத்த வட்டி 10 கோடி, சராசரி 10 விழுக்காடு. ஆண்டில் சராசரியாக 30 கோடி திட்டத்தில் முடங்கியிருந்தால் 3 கோடி சொத்துக்குப் போகும், 7 கோடி செலவாகும். உண்மையில் ஆன வட்டிக்கு மேல் ஒரு ரூபாயும் சேர்க்கக் கூடாது என்பது உச்சவரம்பு.

இங்கே ஒரு விநோதம் உண்டு. இதே தொழிற்சாலையை முழுக்கப் பங்குதாரர் பணத்தில் கட்டியிருந்தால் அதன் விலை 200 கோடிதான். செங்கல், இயந்திரம், கூலி எல்லாம் ஒன்றே. பணம் வந்த வழி மட்டும் வேறு. ஏட்டில் 24 கோடி வித்தியாசம். பங்குதாரர் பணத்துக்கும் காத்திருப்பின் விலை உண்டு. ஆனால் அதைக் கணக்கில் ஏற்றத் தரநிலை அனுமதிப்பதில்லை. வட்டியைக் கடனின் விலையாக மட்டும் பார்த்து, ஓடுகிற ஆண்டிலேயே செலவாக எழுதிவிட வேண்டும் என்று வாதிடுபவர்களின் வலுவான ஆயுதம் இது. எனக்கு அந்த வாதத்தில் பாதி உடன்பாடு. வருமானம் ஈட்டத் தொடங்காத சொத்தின் வட்டியை இன்றைய வருமானத்தில் கழிப்பது, பொருத்தமில்லாத இரண்டை ஒரே தட்டில் வைப்பதாகும் என்ற எதிர்வாதத்தையும் எளிதில் தள்ள முடியாது.

கொள்கைச் சண்டையைவிட நடைமுறையில் முக்கியமானது, வட்டியைச் சொத்தில் சேர்ப்பதை எந்த நாளில் நிறுத்துவது என்பதுதான். சொத்தைத் தயார்ப்படுத்தும் பணிகள் கிட்டத்தட்ட எல்லாம் முடிந்த நாளில் நிறுத்த வேண்டும் என்கிறது தரநிலை. வேலை நீண்ட காலம் முடங்கிக்கிடந்தால், முடங்கிய காலத்தின் வட்டியையும் சேர்க்கக் கூடாது. நியாயமான விதிகள். ஆனால் 'கிட்டத்தட்ட முடிந்த நாள்' எது என்று முதலில் சொல்லப்போவது நிர்வாகம். தணிக்கையாளர் அதற்குப் பிறகுதான் வருகிறார். நாள் ஒரு காலாண்டு தள்ளிப்போனால், மேலே சொன்ன தொழிற்சாலையில் 3 கோடி ரூபாய் செலவு லாப நட்டக் கணக்கின் வாசலிலேயே நின்றுவிடும். தேய்மானமும் அதுவரை தொடங்காது.

ஜியோவை எடுத்துக்கொள்ளலாம். 2016 செப்டம்பரில் சேவை தொடங்கியது. நாடு முழுக்க மக்கள் இலவசமாகப் பேசினார்கள், படம் பார்த்தார்கள். ஆனால் வணிக ரீதியான இயக்கத்தின் முதல் காலாண்டுக் கணக்கு 2017 ஜூலை–செப்டம்பருக்குத்தான் வெளியானது. அதில் 271 கோடி ரூபாய் நட்டம் காட்டப்பட்டது. அதுவரையான திட்டச் செலவுகள் சொத்தின் பக்கத்தில் சேர்ந்துகொண்டிருந்தன. இதில் முறைகேடு எதையும் நான் சுட்டவில்லை. வலையமைப்பு சோதனை நிலையில் இருக்கிறதா, பயன்பாட்டுக்குத் தயாரா என்பது தொழில்நுட்பமும் சார்ந்த தீர்மானம். கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்தும் ஒன்று கணக்கியலின் பார்வையில் இன்னும் 'தயாராகாமல்' இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது என்பதால் சொல்கிறேன்.

அடுக்குமாடி கட்டுபவர்களுக்கு இதே கேள்வி வேறு உருவில் வந்தது. கட்டக் கட்ட வருமானத்தைக் கணக்கில் காட்டும் கட்டுநர், விற்காத வீடுகளுக்கான வட்டியை அவற்றின் விலையில் சேர்க்கலாமா? பன்னாட்டுத் தரநிலைகளின் விளக்கக் குழு 2019 மார்ச்சில் முடியாது என்றது. காரணம் அழகானது: அரைகுறையாக நிற்கும் அந்த வீட்டை இன்றைய நிலையிலேயே விற்க அவர் தயாராக இருக்கிறார், வாங்க ஆள் வந்தால் ஒப்பந்தம் போடுவார். விற்பனைக்குத் தயாரான பொருளுக்கு ஏது காத்திருப்பு? கட்டிடம் முடிந்து சாவி கொடுக்கும்போது மட்டும் வருமானம் காட்டுபவருக்கு இந்தத் தடை பொருந்தாது. ஆக, வருமானத்தை எப்போது காட்டுகிறோம் என்பது வட்டி எங்கே போகும் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

இழுத்தடிக்கும் திட்டங்களைக் கண்டுபிடிக்க வாசகரின் கையில் இப்போது ஒரு கருவி இருக்கிறது. கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 2021 மார்ச்சில் செய்த திருத்தம், முடிவுறாத மூலதனப் பணிகளை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டச் சொல்கிறது: ஓராண்டுக்குள், ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றுக்கு மேல். கெடு தாண்டிய திட்டங்களையும் மதிப்பீட்டை மீறியவற்றையும் தனியே சொல்லியாக வேண்டும். மூன்றாண்டுக்கு மேல் கிடக்கும் தொகை ஆண்டுதோறும் வீங்கிக்கொண்டே போனால், அந்த வீக்கத்தில் வட்டி எவ்வளவு என்று கேட்பதற்கு முழு உரிமை உண்டு. ஆண்டில் மூலதனமாக்கிய வட்டித் தொகையும் குறிப்புகளில் வெளியிடப்பட வேண்டும். பெரும்பாலும் நிதிச் செலவுக்கான குறிப்பிலேயே கழித்தல் வரியாக இருக்கும்.

சல்லப்பள்ளி தீர்ப்புக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது, அது தூத்துக்குடியில். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் நிறுவனம் ஆலை அமைக்கக் கடன் வாங்கியது. உடனே தேவைப்படாத பணத்தைக் குறுகியகால வைப்பில் போட்டது. வந்த வட்டியைத் தனி வருமானமாகக் காட்டாமல், உற்பத்திக்கு முந்தைய செலவிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பது அதன் வாதம். கணக்கியல் தர்க்கப்படி தவறில்லை. கொடுத்த வட்டி ஆலையின் விலை என்றால், அதே கடன் பணம் ஈட்டிய வட்டி அந்த விலையைக் குறைக்க வேண்டியதுதானே? தனிக்கடனைப் பொறுத்தவரை இண்ட் ஏ.எஸ். 23 இன்றும் அதைத்தான் சொல்கிறது. 1997-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அது பிற வழிகளில் வந்த வருமானம், வரி உண்டு. எது வருமானம் என்பதைச் சட்டம் முடிவு செய்யும், கணக்கெழுதும் வழக்கம் அல்ல என்றது. 1974-இல் கணக்கியல் வழக்கத்தின் கையைப் பிடித்து நடந்த நீதிமன்றம், 1997-இல் அந்தக் கையை உதறியது. இரண்டும் முரண் என்று சட்டம் தெரிந்தவர்கள் ஒப்பமாட்டார்கள்: முன்னதில் சட்டம் மௌனமாக இருந்தது, பின்னதில் சட்டத்துக்குச் சொல்ல ஒன்று இருந்தது. ஆனாலும் ஒரே கடனின் போகும் வட்டி ஒரு நியாயத்துக்கும் வரும் வட்டி இன்னொரு நியாயத்துக்கும் கட்டுப்பட்டது, தொழில் தொடங்குபவருக்குக் கசப்பாகவே இருந்திருக்கும்.

அதன் பிறகு வட்டியைப் பொறுத்தமட்டில் வரிக் கணக்கும் கம்பெனிக் கணக்கும் ஒன்றாக நடப்பது அரிதாயிற்று. கோர் ஹெல்த்கேர் வழக்கில், நடந்துகொண்டிருக்கும் தொழிலுக்காக வாங்கிய இயந்திரம் இன்னும் ஓடத் தொடங்காவிட்டாலும் அதற்கான கடன் வட்டியை அந்த ஆண்டிலேயே கழிக்கலாம் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தீர்ப்பு வரும் முன்பே, அந்தக் கழிவை மறுக்கும் வரம்புரை 2003-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் சேர்ந்துவிட்டிருந்ததால், வெற்றி பழைய ஆண்டுகளுக்கு மட்டும் உதவியது. டபாரியா டூல்ஸ் வழக்கு இன்னும் சுவையானது. அந்த நிறுவனம் வெளியிட்ட 100 ரூபாய்க் கடன்பத்திரத்துக்கு இரண்டு வழி வைத்தது: ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு, அல்லது முதலிலேயே ஒரே தடவையாக 55 ரூபாய். இரண்டாவதைத் தேர்ந்தவர்களுக்குக் கொடுத்த வட்டியைத் தன் ஏட்டில் ஐந்தாண்டுக்குப் பரப்பி எழுதியது. வரி அறிக்கையில் மட்டும் முழுவதையும் முதல் ஆண்டிலேயே கழித்தது. ஏட்டில் எழுதியபடிதான் வரியிலும் என்றது வருமான வரித்துறை. 2015-இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது.

வங்கி, நிதி நிறுவனங்களுக்குரிய வட்டியோ, கொடுத்தால்தான் கழிவு. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவு அப்படிச் சொன்னது. ஏட்டில் செலவு எழுதியாயிற்று என்பது போதாது; வரி அறிக்கை தாக்கல் செய்யும் கெடுவுக்குள் பணம் போயிருக்க வேண்டும். கட்ட முடியாத வட்டியைப் புதுக் கடனாக மாற்றிவிட்டு 'கட்டியாயிற்று' என்று காட்டும் வழியைப் பின்னர் சேர்த்த ஒரு விளக்கவுரை அடைத்தது. ஆனால் 2021-இல் எம்.எம். ஆக்வா டெக்னாலஜீஸ் வழக்கில், மறுசீரமைப்புத் திட்டத்தின்படி வட்டிக்கு ஈடாகக் கடன்பத்திரம் கொடுத்து வங்கியின் கோரிக்கையைத் தீர்த்தது உண்மையான செலுத்தலே என்று உச்ச நீதிமன்றம் கண்டது. அடைத்த கதவில் ஒரு சன்னல்.

இனி, யாருக்கும் கொடுக்காத வட்டி. 100 கோடி கடனுக்கு வங்கி 1 கோடி நடைமுறைக் கட்டணம் பிடித்துக்கொண்டு 99 கோடி தருகிறது. மூன்றாண்டுகள், 10 விழுக்காடு, அசல் கடைசியில். இண்ட் ஏ.எஸ். 109-இன்படி அந்தக் கட்டணமும் வட்டியின் உடல்தான். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை விகிதம் 10.4 விழுக்காட்டுக்குச் சற்று மேல். முதலாண்டில் கையிலிருந்து போவது 10 கோடி, கணக்கில் செலவு 10.30 கோடி. மிச்சம் 30 லட்சம் கடன் நிலுவையில் ஏறி, 99 கோடி 99.30 கோடியாகிறது, மூன்றாம் ஆண்டு முடிவில் சரியாக 100-ஐத் தொடும்.

தாய்க் கம்பெனி தன் துணை நிறுவனத்துக்கு ஐந்தாண்டுக்கு வட்டியில்லாமல் 100 கோடி தந்தால் நிலைமை இன்னும் விநோதம். சந்தை விகிதம் 10 விழுக்காடு என்றால் அந்தக் கடன் ஏட்டில் 62.09 கோடியாக நுழையும். மீதி 37.91 கோடி, தாயிடமிருந்து வந்த மூலதனமாகக் கொள்ளப்படும். பிறகு ஆண்டுதோறும் ஒரு வட்டிச் செலவு லாப நட்டக் கணக்கில் எழுதப்படும். முதலாண்டில் மட்டும் 6.21 கோடி. வட்டியில்லாக் கடனுக்கு வட்டி! கேலி செய்யத் தோன்றும். ஆனால் இந்தக் கணக்கு சொல்வது உண்மை: அந்தத் துணை நிறுவனம் தன் காலில் நின்றிருந்தால் இவ்வளவு வட்டி கட்டியிருக்கும்.

2019 ஏப்ரலில் இண்ட் ஏ.எஸ். 116 வந்தபின் வாடகையும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது. குத்தகைக்கு எடுத்த விமானம், கடை, கிடங்கு எல்லாம் சொத்தாகவும் கடனாகவும் ஏட்டில் ஏறுகின்றன. கொடுக்கும் வாடகை தேய்மானமாகவும் வட்டியாகவும் உடைகிறது. இண்டிகோவை நடத்தும் இன்டர்குளோப் ஏவியேஷனின் கடனில் பெரும்பகுதி இப்படிப்பட்ட விமானக் குத்தகைப் பொறுப்புதான். வங்கிக் கடன் வட்டி என்று நினைத்து அதன் நிதிச் செலவை வாசிப்பவர் வேறொரு நிறுவனத்தை மனத்தில் வரைந்துகொள்வார்.

கடன் கொடுத்தவர் பக்கம் போனால் இதே வட்டி வருமானம். அங்கே ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது: வராத வட்டியை வந்ததாக எழுதுவது. கட்டாத வட்டியைக் கடனாளியின் கணக்கிலேயே பற்று எழுதினால் போதும். கடன் வளரும், வங்கியின் லாபமும் வளரும். சில வங்கிகள் சந்தேகக் கடனின் வட்டியை லாபத்துக்குக் கொண்டுவராமல் இடைநிறுத்தக் கணக்கில் வைத்தன. அப்படி வைத்தாலும் அது சேர்ந்த வருமானமே, வரி உண்டு என்று ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வசூலாகாத வட்டிக்கு வரி கட்டும் இந்த நிலையை 1999-இல் யூகோ வங்கி வழக்கு மாற்றியது; வரி வாரியமே வெளியிட்ட சுற்றறிக்கை துறையைக் கட்டுப்படுத்தும் என்று முடிவானது.

அதற்குள் 1991-இன் நரசிம்மம் குழு அறிக்கையும் அதைத் தொடர்ந்த ரிசர்வ் வங்கி விதிகளும் ஆட்டத்தை மாற்றியிருந்தன. வாராக்கடன் என்று வகைப்படுத்திய கணக்கில் வட்டி கைக்கு வந்தால்தான் வருமானம். அதற்கு முன் எழுதிவைத்து வசூலாகாத வட்டியையும் திருப்பிக் கழிக்க வேண்டும். வகைப்படுத்தும் காலக்கெடு படிப்படியாகச் சுருங்கி, 2004 மார்ச் 31 முதல் 90 நாள் ஆனது. வங்கிசாரா நிதி நிறுவனங்களோ 2018 முதல் இண்ட் ஏ.எஸ். 109-க்கு மாறத் தொடங்கின. அதில் பழுதான கடனுக்கும் வட்டி வருமானம் உண்டு; ஆனால் எதிர்பார்க்கும் இழப்பைக் கழித்த மீதித் தொகைமீது மட்டும். வங்கிகளுக்கு அந்த மாற்றத்தை ரிசர்வ் வங்கி 2019 மார்ச்சில் தேதி குறிக்காமல் தள்ளிவைத்தது.

இதனால் ஒரே கடன் இரண்டு ஏடுகளில் இரண்டு வாழ்க்கை வாழ்கிறது. வங்கி தன் ஏட்டில் வட்டியை நிறுத்திவிடும். கடன்பட்ட நிறுவனத்துக்கோ பொறுப்பு நிற்பதில்லை. ஒப்பந்தப்படி வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். நடைமுறையில், 'வங்கியே எழுதவில்லை, நாங்கள் ஏன் எழுத வேண்டும்' என்று வட்டியை விட்டுவிடும் நிறுவனங்கள் உண்டு. தணிக்கை அறிக்கையில் மாறுபட்ட கருத்தாக அது வரும், பலர் அந்தப் பக்கத்தைத் திருப்புவதே இல்லை. திவால் நடைமுறைக்குள் போன நிறுவனங்களில் இது இன்னும் சாதாரணம். கடன்காரர்களின் கோரிக்கை நடைமுறை தொடங்கிய நாள்வரைதான் ஏற்கப்படும் என்பதால், அதற்குப் பிந்தைய வட்டி எழுதப்படாமலே போகும்.

வட்டி பணமாகாமல் வேறொன்றாக மாறுவதும் உண்டு. 2023 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா அரசுக்குத் தர வேண்டியிருந்த ஒத்திவைத்த நிலுவைகளின் வட்டி, 16,133 கோடி ரூபாய், தலா 10 ரூபாய்ப் பங்குகளாக மாறியது. அரசு மூன்றில் ஒரு பங்கு உரிமையாளர் ஆயிற்று. இப்படிப்பட்ட மாற்றத்தில் பணம் கைமாறுவதில்லை. ஆகவே பணப்பாய்வு அறிக்கையின் உடலில் அதற்கு இடமில்லை, குறிப்பில்தான் தேட வேண்டும்.

பணப்பாய்வு அறிக்கைக்கு வருவோம். வராத வட்டியைப் பிடிக்கும் இடம் அதுதான். அந்த ஆண்டில் செலுத்திய வட்டி முழுவதையும், செலவாக எழுதியதோ சொத்தில் சேர்த்ததோ, அங்கே வெளியிட வேண்டும் என்கிறது தரநிலை. இந்தியாவில் நிதித்துறை அல்லாத நிறுவனங்கள் செலுத்திய வட்டியை நிதி திரட்டும் நடவடிக்கைகளின் கீழ் காட்டுகின்றன. அமெரிக்காவில் அது தொழில் நடவடிக்கையில் கழியும். இருநாட்டு நிறுவனங்களின் தொழில் பணவரவை அப்படியே ஒப்பிட்டால் இந்திய நிறுவனம் காரணமில்லாமல் செழிப்பாகத் தெரியும். பன்னாட்டுத் தரநிலை இதுவரை இருவழிக்கும் இடம் கொடுத்தது. 2027 ஜனவரியில் நடைமுறைக்கு வரும் ஐ.எஃப்.ஆர்.எஸ். 18 பெரும்பாலான நிறுவனங்களுக்கு அந்தத் தேர்வை நீக்கி, இந்தியா ஏற்கெனவே நிற்கும் இடத்துக்கே வந்து சேர்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். லாப நட்டக் கணக்கில் வட்டி 18 கோடி. குறிப்பில், மூலதனமாக்கியது 12 கோடி. ஆண்டின் உண்மைச் சுமை 30 கோடி. ஆண்டுத் தொடக்கத்தில் சேர்ந்து கொடுபடாத வட்டி 2 கோடி, முடிவில் 5 கோடி. அப்படியானால் கையிலிருந்து போனது 27 கோடியாக இருக்க வேண்டும். பணப்பாய்வு அறிக்கையில் 27-க்கு வெகுதொலைவில் ஓர் எண் இருந்தால், வித்தியாசத்துக்கு விளக்கம் எங்காவது இருந்தாக வேண்டும்: கட்டணப் பரப்பல், குத்தகை வட்டி, பங்காக மாறிய வட்டி, அல்லது கெடு தாண்டியும் கட்டாத வட்டி. கடைசியானது என்றால், 'சேர்ந்து கெடு வராத வட்டி', 'சேர்ந்து கெடு வந்த வட்டி' என்று கம்பெனிக் கணக்கில் பிரித்துக் காட்டும் வரிகள் உதவும். இரண்டாவது வரியில் தொகை இருக்கிறது என்றால், கடனைத் திருப்புவதில் தடுமாற்றம் தொடங்கிவிட்டது.

இன்னொரு சோதனை இதைவிட எளிது. மூலதனமாக்கியதையும் சேர்த்த மொத்த வட்டியை, ஆண்டின் தொடக்க, முடிவுக் கடன்களின் சராசரியால் வகுத்துப் பாருங்கள். இரு மார்ச் 31-களிலும் 100 கோடி கடன் காட்டும் நிறுவனம், 10 விழுக்காட்டில் கடன் வாங்கியிருப்பதாகச் சொல்லிக்கொண்டு 15 கோடி வட்டி எழுதியிருந்தால், ஆண்டு முழுக்கச் சராசரியாக 150 கோடி கடனில் அது ஓடியிருக்கிறது. இருப்புநிலைக் குறிப்பு ஒரு நாளின் நிலை. வட்டி 365 நாளுக்கும் சேர்கிறது. ஆண்டிறுதியில் வசூலைத் துரிதப்படுத்தி, உண்டியல்களைத் தள்ளுபடிக்கு விற்று, கடனை இறக்கிக் காட்டிவிட்டு ஏப்ரல் முதல் வாரத்தில் மறுபடி வாங்குவது பல தொழில்களில் வழக்கம். பருவத் தொழில்களில் அது இயல்பாகவும் நேரும். விகிதம் மறுதிசையில் கோணினால், அதாவது 10 விழுக்காட்டுக் கடனுக்கு 6 விழுக்காடுதான் வட்டி தெரிகிறது என்றால், கடன் ஆண்டின் கடைசியில்தான் வாங்கப்பட்டதா, வட்டி எழுதப்படாமல் விடப்பட்டதா என்ற இரண்டையும் விசாரிக்க வேண்டும். முதலாவதற்கு விடை பணப்பாய்வு அறிக்கையிலும் கடன் குறிப்பிலும் கிடைக்கும். இரண்டாவதற்குத் தணிக்கை அறிக்கைக்கே போக வேண்டும்.